கையெழுத்து மட்டும் போட்ட இருபது தாள்கள்

வக்கீல் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். சங்கத்துச் செயலாளர் வீடு தேடி வந்து கேட்டார். தலைப்பையும் அவரே கொண்டுவந்திருந்தார்: ‘வழக்கறிஞர்களுக்கு ஊனக் காப்பீட்டின் நன்மைகள்’. இந்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கிறார்கள். சின்ன வயசு வக்கீல்கள் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள்.

“அந்தப் பாலிசி முதமுதல்ல வந்தப்போ கூடவே இருந்த ஆளு நீங்கதான் ஏகாம்பரம் சார். நாலு வரி நல்லதா எழுதிக் குடுங்க” என்றார்.

நல்லதாக நாலு வரி என்னிடம் இல்லை. இருப்பதைத்தான் எழுத முடியும். பாலிசி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அது நல்ல பாலிசி. அதைக் கெடுத்தவன் நான். அதை எழுதுகிறேன், போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிவிட்டு, வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பத்தொன்பது வயதில் வக்கீல் குமாஸ்தா ஆனவன் நான். இரண்டு சீனியர்களிடம் கேஸ் கட்டு தூக்கினேன். முதல் ஆள் எனக்குத் திட்டு வாங்கக் கற்றுக்கொடுத்தார், இரண்டாவது ஆள் வாய்தா வாங்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டாயிரத்து ஆறில் ஸ்ரீபெரும்புதூரில் வக்கீல் ஜெகநாதன் ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு முன்னால் நான் பார்த்த கேஸ் எல்லாம் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும்தான். நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு வரப்பே இல்லை, தகராறுக்கு எங்கே போவது? விரல்கள் வர ஆரம்பித்தன.

ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்திலிருந்து வாரத்துக்கு ஒருத்தனாவது கையில் கட்டோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவான். பிரஸ் மிஷினில் விட்ட விரல். பெரும்பாலும் தென் மாவட்டத்துப் பையன்கள், கான்ட்ராக்ட் ஆட்கள். ‘அவன் எங்க ஆளே இல்லை’ என்று கம்பெனி சொல்லும். ‘அவன் அன்னைக்கு லீவு’ என்று கான்ட்ராக்டர் சொல்லுவான். இரண்டுக்கும் நடுவில் விரல் மட்டும் போயிருக்கும்.

ஜெகநாதன் சார் அந்தக் கேஸ்களைப் பார்க்கும் விதமே தனி. வந்தவனிடம் முதலில் பெயர் கேட்க மாட்டார். மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை விரிப்பார். “கையை வை” என்பார். அவன் கையைத் தாள் மேல் பதிய வைத்து, பென்சிலால் சுற்றி வரைவார். முழு விரல், பாதி விரல், இல்லாத விரல் எல்லாம் அப்படியே தாளில் வந்துவிடும். அப்புறம்தான் கேட்பார்: “எந்தக் கம்பெனி? எந்த ஷிப்ட்? பக்கத்துல நின்னது யாரு?” அந்தத் தாள்தான் கேஸ் கட்டின் முதல் பக்கம். விசாரணைக்குப் போகும்போது வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

“டாக்டர் சர்டிபிகேட்ல பர்சென்டேஜ்தான்யா இருக்கும்” என்பார். “எனக்குக் கை தெரியணும்.”

கோபக்காரர்தான். ஒரு கமா தப்பாக விழுந்தால் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கச் சொல்லுவார். ஆனால் திட்டி முடித்த அரை மணி நேரத்தில் “டீ சொல்லுய்யா, உனக்கும் சேர்த்து” என்பார். அவ்வளவுதான் அவருடைய மன்னிப்பு.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் சங்கத்தில் இந்தக் காப்பீட்டுப் பேச்சு வந்தது. விபத்தில் வேலை செய்ய முடியாமல் போகும் வக்கீலுக்கு, குணமாகும்வரை வாராவாரம் ஒரு தொகை. குணமே ஆகாவிட்டால் மொத்தமாகப் பெரிய தொகை. எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்தவன் பத்திரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் வக்கீல்கள் தங்கள் காகிதத்தைப் படிக்கவே மாட்டார்கள், இது நான் முப்பத்தைந்து வருஷம் கண்டது. சார் மட்டும் படித்தார். ‘எந்த வேலையும் செய்ய இயலாத நிலை’ என்று ஒரு வரி இருந்தது. அதை அடிக்கோடிட்டு, ‘தன் தொழிலைச் செய்ய இயலாத நிலை’ என்று மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதினார். மூன்று கடிதமும் நான்தான் அடித்தேன்.

காப்பீட்டு ஆபீசிலிருந்து ஒருவர் நேரில் வந்து, “ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?” என்று கேட்டார்.

“நாளைக்கு எனக்குப் புத்தி தடுமாறிப் போச்சுன்னு வெச்சுக்குங்க. கை கால் நல்லா இருக்கு, வாட்ச்மேன் வேலைக்குப் போலாமேன்னு நீங்க சொல்லுவீங்க. நான் எழுந்து நின்னு கேஸ் பேச முடியலைன்னா அதுதான் சார் எனக்கு ஊனம்” என்றார் சார்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த வரியை மாற்றிக் கொடுத்தார்கள். அப்படி அவர் வாங்கிக் கொடுத்த வரியைத்தான் இன்றைக்கும் அந்தப் பாலிசியில் எல்லோரும் அனுபவிக்கிறார்கள். மலரில் இதையாவது போடுங்கள்.

இப்போது தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எந்த வக்கீல் குமாஸ்தாவும் வெளியில் சொல்ல மாட்டான், எல்லோருக்கும் தெரியும். ஒரு வக்கீலுக்குக் காலையில் காஞ்சிபுரம், பகலில் ஸ்ரீபெரும்புதூர், மறுநாள் செங்கல்பட்டு என்று அலைச்சல். அவசரமாக ஒரு மனு போட வேண்டியிருக்கும், கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார். அதனால் அடியில் கையெழுத்து மட்டும் போட்டு வெள்ளைத் தாள்களை குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். போனில் விஷயத்தைச் சொன்னால் நாங்கள் மேலே அடித்து, தேதி போட்டுத் தாக்கல் பண்ணிவிடுவோம். தப்புதான். ஆனால் தப்பு என்று ஒருத்தரும் நினைக்காத தப்பு.

அதிலும் சார் கறாராக இருப்பார். திங்கட்கிழமை காலையில் பத்துத் தாளில் கையெழுத்துப் போடுவார். எந்தத் தாள் எந்தக் கேசுக்குப் போனது என்று நான் நோட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமை மாலை மிச்சத்தை அவர் முன்னால் கிழிக்க வேண்டும். ஐந்து வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு திங்கட்கிழமை, பத்துக்குப் பதில் இருபது தாளில் போட்டார். வியாழக்கிழமை கிளம்பி மகளைக் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்க்கப் போக வேண்டியிருந்தது, பத்து நாள் ஊரில் இருக்க மாட்டேன் என்றார். புதன்கிழமை பகலில் ஒரு சாட்சியைப் பார்த்துவிட்டு வல்லம் வடகாலிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது, கன்டெய்னர் லாரி ஒன்று பக்கவாட்டில் தட்டிவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தார். அதனால் உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய மனைவி லலிதா அம்மா என்னைப் பார்த்ததும், “அண்ணா, ஆபீசைப் பார்த்துக்குங்க. அவரு எழுந்து வந்ததும் அதைத்தான் கேப்பாரு” என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் காப்பாற்றிய லட்சணத்தைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

சார் நினைவு தெரியாமல் படுத்திருந்தபோது கையில் நாற்பதுக்கு மேல் கேஸ். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ‘மனுதாரர் வக்கீல் விபத்தில் சிக்கி மருத்துவமனையில் இருக்கிறார், அவகாசம் வேண்டும்’ என்று ஒரு மெமோ. இழப்பீட்டுக் கேஸ்களை விசாரிக்கும் எந்த அதிகாரியும் மறுத்திருக்க மாட்டார். அந்த மெமோ நாளைக்குக் காப்பீட்டுக்கும் சாட்சியாக நின்றிருக்கும். நான் அதைப் போடவில்லை.

ஏன் போடவில்லை என்றால், வக்கீல் விழுந்துவிட்டார் என்று தெரிந்தால் கம்பெனிக்காரன் மறுநாளே கட்சிக்காரன் ரூமுக்குப் போய் நிற்பான். ‘உன் வக்கீலே போயிட்டாரு, குடுக்கறதை வாங்கிக்கினு ஊருக்குப் போ’ என்பான். ரூம் வாடகை கட்ட முடியாதவன் வாங்கிக்கொண்டு போய்விடுவான். இரண்டு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் குமாஸ்தாக்கள் வழக்கமாகச் சொல்லும் பொய்யையே நானும் சொன்னேன். “சாருக்குச் சின்ன அடிதான். ஹைகோர்ட்டுக்குப் போயிருக்கார். வந்துடுவார்.” கோர்ட்டில் சார் பெயரைக் கூப்பிட்டதும் தெரிந்த வக்கீல் ஒருவர் அவருக்குப் பதிலாக எழுந்து நின்று உதவினார். மனு போட வேண்டிய இடத்தில் நான் தாளை எடுத்தேன்.

நாலு மாதத்தில் பதினொரு தாள். சனிக்கிழமைகளில் ஒன்றையும் கிழிக்கவில்லை. கிழிக்கச் சொல்ல ஆள் இல்லை.

அதில் முக்கியமானது மாரிச்செல்வம் கேஸ். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், வலது கையில் மூன்று விரல் போனவன். அவன் எங்கள் ஆளே இல்லை என்று கம்பெனி ஒரே பிடியாக நின்றது. கேட் ரிஜிஸ்தரைக் கொண்டுவரச் சொல்லி ஒரு மனு போட்டால்தான் கேஸ் நிற்கும், போடாவிட்டால் அடுத்த வாய்தாவில் தள்ளுபடி. சார் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே அந்த மனுவைப் பற்றி என்னிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்ன வாசகத்தையே அடித்தேன். கீழே அவர் கையெழுத்து. ரிஜிஸ்தர் வந்தது. விபத்து நடந்த தேதியில் அவன் பெயரும் உள்ளே போன நேரமும் அதில் இருந்தன.

“அண்ணாச்சி, சார் எப்பம் வருவாவ? நேர்ல ஒரு வார்த்த சொல்லணும்” என்று மாரிச்செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தது இரண்டு விரல்தான்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆபீசைக் காப்பாற்றிவிட்டேன் என்று காலரைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

சார் வீட்டுக்கு வந்தார். குன்றத்தூரில் அவர் வீடு. உடம்பு தேறிவிட்டது. நடந்தார், சாப்பிட்டார், பேப்பரைக் கையில் எடுத்தார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பக்கத்தில் மூன்றாவது வரிக்குப் போகும்போது முதல் வரி போய்விடும். பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் நிறுத்தி, “இது எந்தக் கேஸ்?” என்பார். கொஞ்ச நேரம் பழைய ஜெகநாதனாகவே இருப்பார், தப்புக்கூடக் கண்டுபிடிப்பார். அப்புறம் கண்ணில் ஏதோ அணைந்துவிடும். இனி கோர்ட்டில் நிற்க முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். லலிதா அம்மா காப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டார்கள். மகள் படிப்பு, வைத்தியம், சோறு எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு வருமானம் அந்த வீட்டுக்குக் கிடையாது.

காப்பீட்டு ஆபீசிலிருந்து விசாரிக்க வந்தவர் ரொம்ப மரியாதையான மனிதர். கத்துகிறவனாக இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் என்னைப் பார்த்து, “நீங்கதானே சாரோட குமாஸ்தா? அஞ்சு நிமிஷம் பேசலாமா?” என்றார். கடை மேஜை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முறைப்படி நகல் மனு போட்டு, முத்திரையோடு வாங்கிய நகல்கள். தேதி வரிசையில் அடுக்கியிருந்தார். பதினொன்று.

“இந்தத் தேதிகள்ல சார் படுத்த படுக்கையா இருந்ததா விண்ணப்பத்துல போட்டிருக்காங்க” என்றார். “ஆஸ்பத்திரி சீட்டு உடம்பைத்தான் சொல்லுது, ஆனா எல்லா வாய்தாவுலயும் வக்கீல் ஆஜர்னு இருக்கு. மனு எல்லாம் சட்ட பாயின்ட்டோட தெளிவா இருக்கு. கையெழுத்துல ஒரு நடுக்கம்கூட இல்லையே. இது யார் கையெழுத்து?”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்கள். சார் கையெழுத்து என்றால் அவர் வேலை பார்த்தார் என்று ஆகிவிடும், காப்பீடு போச்சு. முன்கூட்டியே போட்டு வைத்த கையெழுத்து என்றால் பதினொரு மனுவும் செல்லாது என்று கம்பெனி வக்கீல்கள் வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள். மாரிச்செல்வம் கேஸில் தீர்ப்புக்குத் தேதி குறித்திருந்தார்கள். அந்த ரிஜிஸ்தரே செல்லாது என்று போய்விடும். சார் மேலும் நடவடிக்கை வரும். என் மேலும் வரும்.

“சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்றேன்.

“கேட்டுட்டுச் சொல்லுங்க. ஆனா எழுத்துல வேணும்” என்றார். நகல்களை வந்த வரிசையிலேயே அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே குன்றத்தூருக்கு பஸ் ஏறினேன். லலிதா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

“அண்ணா, உண்மையைச் சொல்லிடுங்க. வெறும் தாள்ல கையெழுத்து வாங்கி வெச்சிருந்தேன்னு சொல்லுங்க.”

“சொன்னா பதினோரு கேசும் போயிடும்மா.”

“அப்ப நீங்களே போட்ட கள்ளக் கையெழுத்துன்னு சொல்லுங்க. அவரு கையே இல்லைன்னு ஆயிடும்ல? எங்க நிலைமையைப் பாருங்கண்ணா. நாற்பது பேர் வூட்டைப் பார்த்துக்கினு இருந்தீங்க. எங்க வூட்டை யாரு பார்க்கறது?”

அப்படிச் சொன்னாலும் மனுக்கள் போகும், அதோடு நான் ஜெயிலுக்குப் போவேன். மனுக்களைக் காரணம் காட்டினேன், ஆனால் உள்ளுக்குள் ஓடியது ஜெயில்தான். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதாவது மறைக்காமல் இருக்கட்டும்.

சார் நாற்காலியில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை என்றுதான் நினைத்தோம். திடீரென்று திரும்பினார். பழைய குரல்.

“எத்தனை தாள் போச்சு?”

“பதினொண்ணு சார்.”

“நோட்ல எழுதினியா?”

“எழுதியிருக்கேன் சார்.”

“அந்தக் கோவில்பட்டிப் பையன். கேட் ரிஜிஸ்தர் மனு. அது இதுல இருக்கா?”

“இருக்கு சார். ரிஜிஸ்தர் வந்துடுச்சு. அவன் பேர் இருக்கு.”

சார் தலையை ஆட்டினார். லலிதா அம்மா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார்கள். “நம்ம பொண்ணைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க” என்றார்கள். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் பேசியது என்னிடம்.

“என் கையெழுத்துதானே ஏகாம்பரம்? நான்தானே போட்டேன்? என் கையெழுத்துன்னு எழுதிக் குடு. அதுக்கு மேல ஒரு வார்த்தை எழுதாதே. அவங்க கேட்டதுக்கு மட்டும் பதில்.”

சாட்சிகளுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் அதே பாடம். கேட்டதுக்கு மட்டும் பதில்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. தப்பித்தேன் என்று நெஞ்சு சொன்னது. அந்த வீட்டுக் கூடத்தில், அந்த அம்மா அழுதுகொண்டிருக்கும்போது, எனக்கு நிம்மதியாக இருந்தது. மனிதன் இவ்வளவு கேவலமானவன் என்று எனக்கு அதுவரை தெரியாது. வேறு மனிதனைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

சார் திரும்ப ஜன்னலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏகாம்பரம், எப்பய்யா வந்தே? டீ குடிச்சியா?” என்று கேட்டார்.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். ‘மேற்படி பதினொரு ஆவணங்களிலும் உள்ள கையெழுத்து வழக்கறிஞர் ஜெகநாதன் அவர்களுடையதே.’ ஒரே வரி. விசாரணைக்காரர் படித்தார். “இதோட விளைவு என்னன்னு தெரியும்ல?” என்று கேட்டார். தெரியும் என்றேன். அவருக்கும் ஏதோ பட்டிருக்க வேண்டும், காகிதத்தை மடிக்காமல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் கேட்டிருப்பார் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் ஆபீசுக்குப் போய் மீதித் தாள்களை எடுத்துக் கிழித்தேன். எண்ணிக்கொண்டே கிழித்தேன். ஒன்பது இருக்க வேண்டும், எட்டுதான் இருந்தது. நோட்டைப் பார்த்தேன், கணக்கு இடித்தது. தேடிப் பார்க்கத் தெம்பு இல்லாமல் விட்டுவிட்டேன்.

காப்பீட்டு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. ‘விண்ணப்பதாரர் குறிப்பிட்ட காலத்தில் தன் தொழிலைத் தொடர்ந்து செய்துவந்தமைக்குப் போதிய ஆவணங்கள் உள்ளன’ என்று நிராகரித்திருந்தார்கள். ‘தன் தொழில்’. சார் மூன்று கடிதம் எழுதி வாங்கிய அதே சொல். மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசியில் போட்டிருந்தது. எதை வைத்துச் செய்வது? என் ஒரு வரி அங்கே பைலில் உட்கார்ந்திருக்கிறது.

மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள், படிப்பு நின்றது. லலிதா அம்மா வல்லம் வடகாலில் பெண் தொழிலாளிகள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் வார்டன் வேலைக்குச் சேர்ந்தார்கள். வக்கீல் வீட்டு அம்மா காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸோடு நிற்பதை நானே பார்த்தேன். என்னைப் பார்த்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எதிரில் யாரும் இல்லாதது போல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திட்டியிருந்தால் தேவலை.

மாரிச்செல்வம் ஜெயித்தான். முழு இழப்பீடு. தீர்ப்பு வந்த வாரம் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றான். ஊருக்குப் போகிறானாம், அக்காவோடு சேர்ந்து கடை வைக்கப் போகிறானாம். “சாரப் பாக்காம போவ மாட்டேன் அண்ணாச்சி. நீங்க எத்தன வாட்டி சொன்னாலும் சரி, இன்னைக்குப் பாத்துட்டுத்தான் போவேன்” என்றான். எத்தனை நாளைக்கு ஹைகோர்ட் கதை சொல்ல முடியும்? முழுப் பூசணிக்காயை எவ்வளவு சோற்றில் மறைப்பது? கூட்டிக்கொண்டு போனேன்.

லலிதா அம்மா வேலைக்குப் போயிருந்தார்கள். மகள் கதவைத் திறந்தாள். சார் வெளுத்த சட்டை போட்டு, சட்டைப் பையில் பேனாவோடு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். தினமும் அப்படித்தான் உட்காருகிறாராம். மேஜை மேல் அவருடைய பழைய பரீட்சை அட்டை, அதில் கிளிப் போட்ட வெள்ளைத் தாள்கள். விபத்து நடந்த அன்று ஸ்கூட்டர் பெட்டியில் இருந்த அட்டை.

மாரிச்செல்வம் காலில் விழப் போனான். சார் பதறி, “எழுந்திருப்பா, எழுந்திருப்பா” என்றார். அவன் அழுதுகொண்டே ஏதேதோ சொன்னான். தீர்ப்பு, கேட் ரிஜிஸ்தர், அக்கா, கடை. சார் பொறுமையாகக் கேட்டார். அவர் கண் அவன் கைக்குப் போனது. சட்டென்று முகம் மாறியது, வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்.

அட்டையிலிருந்து ஒரு தாளை உருவி மேஜையில் வைத்தார். “கையை வை” என்றார்.

மாரிச்செல்வம் என்னைப் பார்த்தான். அவன் மெதுவாகக் கையைத் தாள் மேல் வைத்தான்.

சார் பென்சிலை எடுத்துச் சுற்றி வரைந்தார். கோடு நேராகப் போகவில்லை, கையைவிட்டு விலகி விலகிப் போனது. கட்டை விரலைச் சுற்றி, சுண்டு விரலைச் சுற்றி, நடுவில் இல்லாத மூன்று இடத்திலும் பென்சில் தடுமாறியது. “எந்தக் கம்பெனி?” என்றார். “எந்த ஷிப்ட்? பக்கத்துல நின்னது யாரு?”

“சார், நான் மாரிச்செல்வம் சார். கேஸ் முடிஞ்சிட்டு சார்” என்றான் அவன்.

“முடிச்சிடலாம். கம்பெனிக்காரன் வந்து ஏதாவது குடுத்தா வாங்கிடாதே. ஏகாம்பரம் கூட இருப்பான், பயப்படாதே.”

இந்தப் பையனுக்காகத்தான் அவர் தன் குடும்பத்தையே விட்டுக்கொடுத்தார். அந்தப் பையன் முன்னால் நிற்கிறான், அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விட்டுக்கொடுத்ததும் நினைவில்லை. நினைவிருந்தால் ஒரு பெருமையாவது அவரிடம் மிஞ்சியிருக்கும். அதுகூட இல்லை. எனக்கு அந்தச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அவன் கையை எடுத்தான். சார் வரைந்ததைப் பார்த்தார். தாளின் அடிப்பக்கத்தில் அவர் பார்வை நின்றது. நானும் அப்போதுதான் பார்த்தேன். வலது ஓரத்தில், அழுத்தமான நீல மையில், வால் சுழித்த பழைய கையெழுத்து. எண்ணிக்கையில் இடித்த அந்த இருபதாவது தாள்.

சார் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். விரலால் தடவினார்.

“இது யார் கையெழுத்து?” என்றார்.

விசாரணைக்காரர் கேட்ட அதே கேள்வி. என்னிடம் இருந்ததும் அதே பதில்தான்.

“உங்க கையெழுத்துதான் சார்.”

அன்றைக்கு அந்த விசாரணைக்காரர் நம்பினார். சார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “போய்யா” என்று சிரித்தார். தாளைத் திருப்பி என்னிடம் நீட்டி, “யாரோ நல்லா வேலை தெரிஞ்சவர் போட்டிருக்கார். பத்திரமா வெச்சிரு” என்றார்.